முடிச்சைக் காட்டுங்கள், சார்!

1989ஆம் ஆண்டு மே மாதம். தெற்குப் பிரான்சில் ஒரு சுண்ணாம்புப் பாறைச் சுவர். உலகப் போட்டிகளில் முன்னணியில் இருந்த அமெரிக்கப் பாறையேற்ற வீராங்கனை லின் ஹில், உடலைச் சூடேற்றிக்கொள்வதற்காக ஓர் எளிய பாதையில் ஏறத் தயாரானார். கயிற்றை இடுப்பில் அணிந்திருந்த வாரில் நுழைத்தார். முடிச்சைப் போட்டு முடிப்பதற்குள் அவர் கவனம் காலணிப் பக்கம் போய்விட்டது. மேலே அணிந்திருந்த சட்டை இடுப்பை மறைத்திருந்தது. ஏறினார். உச்சியை அடைந்ததும், இறங்குவதற்காக உடல் எடையைக் கயிற்றில் சாய்த்தார். பாதி முடிச்சில் நின்ற கயிறு வாரிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று. இருபது மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்தவரை ஒரு மரம் தாங்கியது. முழங்கை மூட்டு விலகியது, பாதத்தில் எலும்பு முறிந்தது, உயிர் பிழைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1993இல், கலிபோர்னியாவின் எல் கேப்பிடன் மலைமுகத்தில் ‘நோஸ்’ எனப்படும் சுமார் 900 மீட்டர் பாதையைக் கைகால்களின் பிடியால் மட்டுமே ஏறிய முதல் மனிதர் அவர்தான்.

இதை நான் எட்டாம் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “அவங்களுக்கு முடிச்சுப் போடத் தெரியாதா சார்?”

தெரியும். ஆயிரக்கணக்கான முறை போட்டிருப்பார். அதனால்தான் அவரும் பார்க்கவில்லை, கீழே நின்று கயிற்றைப் பிடித்திருந்தவரும் பார்க்கவில்லை. புதிதாக ஏறுபவருக்கு ஆபத்து அறியாமையிலிருந்து வருகிறது. தேர்ந்தவருக்கு அது பழக்கத்திலிருந்து வருகிறது. பாறையேற்றப் பாதுகாப்பு என்பதைத் துணிச்சல் பற்றிய பாடமாக நினைத்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு இந்த ஒரு நிகழ்வே அதைத் திருப்பிப் போட்டுவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் அடிப்படைப் பாறையேற்றப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். சாரணர் பொறுப்பு என்னிடம் இருப்பதால் முடிச்சுகள் ஓரளவு தெரியும். அறிவியல் ஆசிரியர் என்பதால் கப்பியும் உராய்வும் தெரியும். நான் எதிர்பாராதது வேறொன்று. பல ஆண்டு அனுபவம் உள்ள பயிற்றுநர், ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்பும், நேற்று வந்து சேர்ந்த எங்களில் ஒருவர் முன்னால் வந்து நின்று தன் முடிச்சைக் காட்டுவார். நாங்கள் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, “சரி” என்று சொன்ன பிறகே பாறையில் கை வைப்பார். அதிகம் தெரிந்தவர், குறைவாகத் தெரிந்தவரிடம் தன்னைச் சரிபார்க்கக் கொடுக்கிறார். பல ஆண்டுகளாகக் கரும்பலகைக்கு முன் நின்று பழகிய எனக்கு, அந்தப் பயிற்சியில் பாறையை விட இது பெரிய பாடமாக இருந்தது.

பள்ளிக்குத் திரும்பியதும் நான் தொடங்கியது இதைத்தான். பாறை வேண்டாம், உயரம் வேண்டாம், சாரணர் கயிறு மட்டும் போதும். மாணவர்கள் இருவர் இருவராக நிற்பார்கள். இடுப்பைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, எட்டு வடிவ முடிச்சை இரட்டையாகப் பின்தொடர்ந்து போடுவார்கள். பிறகு எதிரில் நிற்பவர் சரிபார்ப்பார். இரண்டு இழைகளும் ஒன்றையொன்று குறுக்கிடாமல் இணையாக ஓடுகின்றனவா? முடிச்சு இறுகியிருக்கிறதா? வெளியே நீட்டிய வால் ஒரு சாண் அளவுக்கு இருக்கிறதா? பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையை ஆட்டுவது செல்லாது.

அதன்பின் என் முறை. நானும் கட்டிக்கொண்டு வகுப்பின் முன் நிற்பேன். சில நாள்களில் வேண்டுமென்றே முடிச்சைப் பாதியில் விட்டுவிடுவேன். முதல் இரண்டு வாரங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. பார்த்தவர்கள் இருந்தார்கள், பிறகு கேட்டபோது தெரிந்தது. “சார் போட்டா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றான் ஒருவன். “தப்புனு சொன்னா திட்டுவீங்கன்னு” என்றான் இன்னொருவன். மூன்றாம் வாரம் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “சார், முடிச்சைக் காட்டுங்க… இது பாதிதான் இருக்கு” என்றாள். அன்று முதல் அந்த வகுப்பில் என்னைச் சரிபார்க்கப் போட்டி. ஆய்வகத்தில் அமிலப் புட்டியை எடுக்கும்போது, “கண்ணாடி போடலையே சார்” என்று குரல் வருகிறது. அது எனக்குத் தொந்தரவாகத் தெரியவில்லை.

கம்பியில் ஒரு சுற்று

கயிறு வகுப்பறைக்குள் வந்துவிட்டால் பாடநூலின் பல பக்கங்கள் தாமாகவே திறந்துகொள்கின்றன. உராய்வு நடத்தும்போது நான் செய்யும் ஒரு செயல்பாட்டைச் சொல்கிறேன். விளையாட்டுத் திடலின் கிடைக்கம்பி மேல் ஒரு கயிற்றைப் போடுங்கள். ஒரு முனையில் பத்துக் கிலோ எடையுள்ள மணல் பை. மறுமுனையில் ஆய்வகத்துச் சுருள்வில் தராசு. பை கீழே இறங்காமல் பிடித்து நிறுத்த எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கயிறு கம்பி மேல் சும்மா கிடக்கும்போது அது அரைச் சுற்று. உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால் தராசு ஏறக்குறைய 3.9 கிலோ காட்ட வேண்டும். கம்பியைக் கூடுதலாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் 600 கிராம். இன்னொரு சுற்று சேர்த்தால் 90 கிராம். உங்கள் கயிறும் கம்பியும் வேறாக இருந்தால் எண்கள் மாறும். ஆனால் ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் இழுவிசை ஒரே மடங்கில் குறைந்துகொண்டே போவது மாறாது. இந்தக் கணக்கில் அது ஆறரை மடங்கு. பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசை நடத்தும் கணித ஆசிரியரை இந்த நேரத்தில் திடலுக்கு அழைத்து வந்துவிடலாம்.

மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. முரண்டு பிடிக்கும் காளையின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவரை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பாறையேற்றத்தில் கீழே நிற்பவர் கையாளும் உலோகக் கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. கயிற்றை வளைத்து, திருப்பி, உரசவிட்டு, நாற்பது கிலோ மாணவி எழுபது கிலோ ஆசிரியரைத் தாங்கும்படி செய்கிறது. ஒரே நிபந்தனை, கயிற்றின் தளர்ந்த பக்கத்தைப் பிடித்த கை எந்தக் காரணத்துக்காகவும் அதை விடக் கூடாது. கொசு கடித்தாலும் கூடாது, கைப்பேசி அடித்தாலும் கூடாது. 90 கிராம் இழுவிசை போதும் என்பது உண்மை. சுழி கிராம் போதாது என்பதும் அதே அளவு உண்மை.

துணிக்கொடியும் நங்கூரமும்

அடுத்தது கோணம். ஐந்து கிலோ புத்தகப் பையைக் கயிற்றின் நடுவில் தொங்கவிட்டு, இரு முனைகளையும் இரண்டு மாணவர்கள் தராசு வழியாகப் பிடிக்கட்டும். இருவரும் அருகருகே நின்றால் ஆளுக்கு 2.5 கிலோ. விலகி நின்று, இரு இழைகளுக்கும் இடையில் 60 பாகை கோணம் வந்தால் ஆளுக்கு 2.9. கோணம் 90 ஆனால் 3.5. அது 120 பாகையானால் ஆளுக்கு முழுசாக 5 கிலோ. இருவர் பகிர்ந்துகொண்டதில் லாபமே இல்லை. 150 பாகையில் ஆளுக்கு 9.7 கிலோ. “இப்போ கயிற்றை நேர்கோடா இழுங்க பார்ப்போம்” என்று சொன்னால் வகுப்பே வந்து இழுக்கும். நேராகாது. ஈரப் போர்வையைப் போட்டதும் துணிக்கொடியின் ஆணி பிடுங்கிக்கொண்டு வந்த கதையை யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்.

பாறையேற்றத்தில் கயிற்றை ஒரே இடத்தில் கட்டுவதில்லை. ஒன்று போனால் இன்னொன்று இருக்க வேண்டும் என்பதற்காக, குறைந்தது இரண்டு இடங்களில் கட்டி ஒரு புள்ளியில் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்க்கும்போது இழைகளுக்கு இடையிலான கோணத்தை 60 பாகைக்குள் வைக்கச் சொல்வது ஏன் என்பதற்கு மேலே உள்ள எண்களே விடை. விசைகளின் கூட்டலைக் கரும்பலகையில் அம்புக்குறிகளாகப் பார்த்துச் சலித்த பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள், “தப்பா கட்டினா ரெண்டு ஆணியும் சேர்ந்து பிடுங்கிக்குமா சார்?” என்று கேட்கும் இடம் இது.

திசையும் முக்கியம். கேரபினர் என்னும் உலோக வளையத்தை எடுத்துப் பார்த்தால் அதன் உடலில் சிறிய எழுத்தில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். நீளவாக்கில் இழுத்தால் குறைந்தது 20 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோ எடைக்கு நிகரான விசையைத் தாங்கும். குறுக்குவாக்கில் இழுத்தாலோ, அதன் கதவு திறந்திருந்தாலோ 7 கிலோ நியூட்டன் அளவுக்கே உறுதி. அதே உலோகம், அதே வளையம். சரிபார்ப்பவர் கேரபினரின் கதவு பூட்டியிருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்ப்பது இதனால்தான்.

இன்னொரு சோதனையை ஆசிரியர் மட்டும் செய்து காட்டலாம். நைலான் பார்சல் கயிறு ஒன்றை இரண்டு மேசைக் கால்களுக்கு இடையில் இறுக்கமாகக் கட்டுங்கள். இன்னொரு நைலான் கயிற்றை அதன் மேல் போட்டு, ரம்பம் அறுப்பது போல ஒரே இடத்தில் வேகமாக இழுத்து இழுத்து விடுங்கள். சிறிது நேரத்தில் கட்டியிருந்த கயிறு அறுந்துவிடும். கத்தி இல்லை, உராய்வின் வெப்பம் ஓரிடத்திலேயே குவிந்து நைலானை உருக்கிவிடுகிறது. ஓடும் கயிறு ஒருபோதும் இன்னொரு கயிற்றின் மேல் ஓடக் கூடாது, நடுவில் உலோகம் இருக்க வேண்டும் என்ற விதியை இதற்குப் பிறகு நான் எழுதிப்போட வேண்டியதில்லை.

பாதியில் நின்றுவிட்டால்

பாதுகாப்பு ஒரு பாதி என்றால், தன்னைத்தானே மீட்டுக்கொள்வது மறுபாதி. இதைப் பற்றி ஆசிரியர்களிடையே அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் சாகச முகாமுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு மிக எளிதாக நேரக்கூடிய ஒன்று இங்கேதான் இருக்கிறது: கயிற்றில் இறங்கிக்கொண்டிருக்கும் பெண்ணின் பின்னலோ துப்பட்டாவோ இறங்கும் கருவிக்குள் இழுபட்டுச் சிக்கிக்கொள்வது. உடல் எடை முழுவதும் கருவியில் இருப்பதால் சிக்கியதை இழுத்து எடுக்க முடியாது. மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது.

முதலில் கைகள் விடுபட வேண்டும். இறங்கும் பக்கத்துக் கயிற்றை விடாமல் பிடித்தபடியே தொடையைச் சுற்றி மூன்று நான்கு முறை சுற்றினால், கிடைக்கம்பியில் நாம் பார்த்த அதே உராய்வு உடலை அங்கேயே நிறுத்திவிடும். பிறகு மெல்லிய கயிற்று வளையம் ஒன்று. இதை முதன்மைக் கயிற்றின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி, வளையத்தின் உள்ளேயே நுழைத்து இழுத்தால் கிடைப்பது புருசிக் முடிச்சு. ஆஸ்திரிய மலையேற்றக்காரர் கார்ல் புருசிக் 1931இல் விளக்கி எழுதியதால் அவர் பெயர் நிலைத்தது. எடை இல்லாதபோது கையால் மேலே தள்ளினால் நகரும்; எடை ஏறியதும் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். 10 அல்லது 11 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் வளையம் வேண்டும். இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் கவ்வாது.

மேலேறுவதற்கு இப்படி இரண்டு வளையங்கள் தேவை. ஒன்று இடுப்புவாருடன் இணைந்தது, உட்காருவதற்கு. இன்னொன்று காலுக்கு, எழுந்து நிற்பதற்கு. நிற்கும்போது இடுப்பு வளையம் தளரும். அதை மேலே தள்ளி உட்கார வேண்டும். உட்காரும்போது கால் வளையம் தளரும். அதை மேலே தள்ளி மீண்டும் நிற்க வேண்டும். கம்பளிப்புழு நடப்பது போல. பின்னல் சிக்கியவருக்கு ஒரே ஓர் அடி போதும். கருவியிலிருந்து எடை நீங்கியதும் முடியை விரலால் எடுத்துவிடலாம்.

“கத்தரியால முடியை வெட்டிட்டா முடிஞ்சுதே சார்?” என்று எல்லா ஆண்டும் ஒரு மாணவர் கேட்பார். நல்ல கேள்வி. தளர்வான கயிற்றை அறுக்கக் கத்தியை அழுத்தித் தேய்க்க வேண்டும். எடை தாங்கி விறைத்து நிற்கும் கயிறோ, கூரான விளிம்பு பட்ட மாத்திரத்தில் பிரிந்துவிடும். முடிக்கும் கயிற்றுக்கும் இடையில் சில சென்டிமீட்டர்தான். பயந்திருப்பவர் கையில் கத்தரி கொடுக்க வேண்டிய இடம் அதுவல்ல.

பள்ளியில் இதைச் செய்து காட்டும்போது மாணவர் கால் தரையை விட்டு எழவே கூடாது என்பதை நான் கண்டிப்பாக வைத்திருக்கிறேன். கிடைக்கம்பியிலிருந்து தொங்கும் கயிற்றில் புருசிக் போட்டு, அதில் மணல் பையைத் தொங்கவிடுகிறோம். கவ்வுகிறது. பையைத் தூக்கிப் பிடித்தால் நகர்கிறது. சுற்றுகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தால் வழுக்குகிறதா, கயிற்றை நனைத்தால் என்ன ஆகிறது என்று பிள்ளைகளே மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். அறிவியல் முறைப்படி ஒரு மாறியை மட்டும் மாற்றும் பயிற்சி இதை விட எளிதாக எனக்குக் கிடைத்ததில்லை.

சியுலா கிராண்டே

இரண்டு வளையங்கள் ஏன் வேண்டும் என்பதற்கு ஒன்பதாம் வகுப்புக்கு நான் சொல்லும் நிகழ்வு இது. 1985இல் ஜோ சிம்ப்சன், சைமன் யேட்ஸ் என்ற இரண்டு இளம் பிரிட்டிஷ் மலையேற்ற வீரர்கள் பெரு நாட்டில் 6,344 மீட்டர் உயரமுள்ள சியுலா கிராண்டே சிகரத்தின் மேற்கு முகத்தை முதன்முறையாக ஏறினார்கள். இறங்கும் வழியில் சிம்ப்சனின் கால் முறிந்தது. மீட்புக் குழு வரும் இடம் அல்ல அது. தலா 45 மீட்டர் நீளமுள்ள இரண்டு கயிறுகளை முடிந்து, பனியில் தோண்டிய பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு, யேட்ஸ் நண்பரைத் தவணை தவணையாகக் கீழே இறக்கினார். நடுவில் உள்ள முடிச்சு கருவியில் நுழையாது. அது வரும்போது சிம்ப்சன் நல்ல காலில் நின்று எடையை நீக்குவார். யேட்ஸ் முடிச்சைக் கருவியின் மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டுத் தொடர்ந்து இறக்குவார். நூற்றுக்கணக்கான மீட்டர் இப்படியே போயிற்று. தன்னை மீட்டுக்கொள்ளும் கலைக்கு இதை விடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

இருட்டிலும் பனிப்புயலிலும் ஒரு பனிப்பாறை விளிம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. சிம்ப்சன் அதைத் தாண்டி அந்தரத்தில் தொங்கினார். நிற்க இடமில்லாததால் எடையை நீக்க முடியவில்லை. முடிச்சை மாற்றவும் முடியவில்லை. மேலேறுவதற்கு அவரிடம் இரண்டு வளையங்கள் இருந்தன. உறைந்து மரத்துப்போன விரல்களால் ஒன்றைப் போட்டுவிட்டார். இரண்டாவது கை நழுவி இருட்டில் விழுந்துவிட்டது.

இந்த இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். “யேட்ஸ் என்ன செய்யலாம்?” கயிற்றை எங்காவது கட்டிவிட்டுக் கைகளை விடுவித்துக்கொள்ளலாம் என்பார்கள், படித்ததை நினைவில் வைத்திருப்பவர்கள். எங்கே கட்டுவது? அவர் உட்கார்ந்திருந்தது தளர்வான பனியில். நங்கூரமே இல்லை. அவருடைய உடல்தான் நங்கூரம். அதன் அடியில் பனி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டிருந்தது. கப்பி போலக் கயிற்றை மடித்து இழுத்து மேலே தூக்கலாமே என்பான் ஒருவன். மூன்று மடங்கு லாபம் என்று பாடநூல் சொல்லும் அமைப்பில், கப்பிச் சக்கரத்துக்குப் பதில் கேரபினர் இருந்தால், ஒவ்வொரு வளைவிலும் உராய்வு தின்றது போக ஆறு பத்தில் பங்கு மிஞ்சினால்கூடக் கிடைப்பது 1 + 0.6 + 0.36, இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவு. அதற்கும் முதலில் நங்கூரம் வேண்டும். இறக்குவது எளிது, தூக்குவது கடினம் என்று மீட்புப் பயிற்சிகளில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

யேட்ஸ் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாங்கினார். பிறகு சிறிய கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். விறைத்த கயிறு பட்டதும் பிரிந்தது. சிம்ப்சன் கீழே இருந்த பனிப்பிளவுக்குள் விழுந்து, உயிரோடு இருந்தார். மேலே ஏற முடியாது என்று தெரிந்ததும் பிளவின் ஆழத்துக்கே தன்னை இறக்கிக்கொண்டு, அங்கிருந்து வெளிச்சம் தெரிந்த ஒரு பனிச்சரிவு வழியாக வெளியே வந்தார். முறிந்த காலுடன் மூன்று நாள்கள் தவழ்ந்தும் தத்தியும் முகாமை அடைந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, இருபது நிமிடத்துக்குள் அதோ அந்தப் பாறை, அடுத்த இருபது நிமிடத்துக்குள் அதற்கப்பால் உள்ள மேடு என்று தனக்குத்தானே இலக்கு வைத்துக்கொண்டதை அவர் 1988இல் வெளியிட்ட ‘டச்சிங் த வாய்ட்’ நூலில் விவரிக்கிறார்.

கயிற்றை அறுத்தது சரியா? வகுப்பு இரண்டாகப் பிரியும். சில ஆண்டுகளில் மணி அடித்த பிறகும் நீளும். அறுந்த கயிற்றின் மறுமுனையில் தொங்கிய சிம்ப்சன் தொடக்கத்திலிருந்தே யேட்ஸ் செய்தது சரி என்றுதான் சொல்லி வருகிறார். இதை நான் விவாதத்தின் முடிவில்தான் சொல்வேன். முதலிலேயே சொல்லிவிட்டால் விவாதம் செத்துவிடும்.

முகாமுக்கு அனுப்பும் முன்

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் பள்ளி மாடியிலிருந்து மாணவர்களைக் கயிற்றில் இறக்கத் தொடங்கிவிடக் கூடாது. கயிறிழுப்புப் போட்டிக் கயிறு, கிணற்றுக் கயிறு, கொடிக்கயிறு எதுவும் மனித உயிரைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. பாறையேற்றத்துக்கென்றே இரண்டு வகைக் கயிறுகள் இருக்கின்றன. விழுபவரை இழுபட்டுத் தாங்குவது ஒன்று. இறங்குவதற்கும் தூக்குவதற்கும் பயன்படும், அதிகம் இழுபடாதது மற்றொன்று. இழுபடாத கயிற்றில் சில மீட்டர் விழுந்தாலே உடலுக்கு வரும் அதிர்ச்சி முதுகெலும்பை உடைக்கப் போதுமானது. வேறுபாடு தெரியாதவர் கையில் கயிறு இருக்கக் கூடாது. முறையாகக் கற்க விரும்பும் ஆசிரியர்களுக்கு டார்ஜிலிங்கில் 1954 முதலும் உத்தரகாசியில் 1965 முதலும் மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் இயங்குகின்றன. 1984இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் உத்தரகாசியில் பயின்றவர், அவர் பி.எட். முடித்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

நம்மில் பெரும்பாலோர் செய்யப்போவது மாணவர்களை ஏதாவது ஒரு சாகச முகாமுக்கு அழைத்துச் செல்வதுதான். அங்கே நாம் வெறும் எண்ணிக்கை எடுப்பவர்களாக நிற்க வேண்டியதில்லை. கயிறு மேலே எத்தனை இடங்களில் கட்டப்பட்டிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பாறை விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் காப்புத் துணி இருக்கிறதா? தலைக்கவசம் கீழே நின்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் உண்டா? கல் உருளும்போது அடிபடுபவர்கள் பெரும்பாலும் கீழே நிற்பவர்கள்தான். “கல்!” என்று குரல் கேட்டதும் அண்ணாந்து பார்க்காமல் பாறையோடு ஒட்டி நிற்கப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். பின்னலைக் கொண்டையாக்கித் தலைக்கவசத்துக்குள் போடச் சொல்லுங்கள். துப்பட்டாவும் கழுத்துச் சங்கிலியும் பையில் இருக்கட்டும்.

பொறுப்பாளரிடம் ஒரு கேள்வியை மட்டும் தவறாமல் கேளுங்கள்: “பாதி வழியில் ஒரு குழந்தை சிக்கிக்கொண்டால் எப்படி இறக்குவீர்கள்?” நல்ல பயிற்றுநர் இந்தக் கேள்விக்காகக் காத்திருப்பார். மேலே கயிற்றை இறுக்கிக் கட்டிவிடாமல், எடை தொங்கும்போதும் அவிழ்த்து இறக்கக்கூடிய முடிச்சில் நிறுத்தியிருப்பதைக் காட்டுவார். குழந்தைக்குத் தனியாக இன்னொரு பாதுகாப்புக் கயிறு இருப்பதைக் காட்டுவார். யார் இறங்கிப் போவார் என்று ஆளைச் சுட்டிக் காட்டுவார். அசையாமல் இடுப்புவாரில் தொங்குபவருக்குக் கால்களில் இரத்தம் தேங்கி, நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம் என்பதால் இந்த விடை அவசரமானது. “அப்படியெல்லாம் நடக்காது சார், நாங்க எத்தனை வருஷமா பண்றோம்” என்று பதில் வந்தால், அன்றைய நிகழ்ச்சியில் கயிற்றேற்றத்தை விட்டுவிட்டுப் பறவை பார்க்கப் போய்விடுங்கள். தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் விளக்கம் சொல்வது எளிது.

எல்லாம் சரியாக இருந்தால், வரிசையில் முதலாவதாக நிற்கும் மாணவியிடம் சொல்லுங்கள், பயிற்றுநர் முன்னால் போய் நின்று முடிச்சைக் காட்டச் சொல்லிக் கேட்க. அவர் சிரித்தபடி காட்டுவார். மாணவி தொட்டுப் பார்த்து “சரி” என்று சொல்லட்டும். பிறகு ஏறலாம்.